தமிழ்ச்செல்விக்கு எத்தனை எழுத்து?

திறமூல மென்பொருள் ஒன்றுக்கு வந்திருந்த நிரல் மாற்றத்தைச் சரிபார்த்துக்கொண்டிருந்தேன். சின்ன மாற்றம்தான். பட்டியலில் பெயர் நீண்டுபோனால் பத்தோடு வெட்டிவிட வேண்டும். கட்டங்கள் நேராக நிற்கும். சோதனைகள் எல்லாம் தேறிவிட்டன. ஒப்புதல் கொடுத்துவிட்டுத் தூங்கப் போயிருக்கலாம். சும்மா 'தமிழ்ச்செல்வி' என்று தட்டிப் பார்த்தேன். 'தமி' மட்டும் வந்தது, பக்கத்தில் ஒரு கேள்விக்குறி.

ஏழே எழுத்துதானே, பத்துக்குள் அடங்காதா? நம் கண்ணுக்கு ஏழு. யூனிகோடில் மெய்ப்புள்ளிக்கும் உயிர்க்குறிக்கும் தனித்தனி எண் இருப்பதால் பதின்மூன்று. யூடிஎஃப்-8 முறையில் ஒவ்வோர் எண்ணுக்கும் 3 பைட், ஆக 39. அந்த நிரல் எண்ணியது பைட்டை. பத்தாவது பைட்டில் கத்தி விழுந்தபோது ழகரம் மூன்றில் ஒரு பங்கோடு அறுந்துபோனது.

இந்தக் கணக்கின் வேர் பழையது. 1928இல் ஐபிஎம் கொண்டுவந்த துளையட்டையில் 80 கட்டங்கள். கட்டத்துக்கு ஓர் எழுத்து. பின்னால் வந்த கணினித் திரைகளும் அந்த 80ஐ வாங்கிக்கொண்டன. 1963இல் வந்த ஆஸ்கி 128 இடங்களோடு நின்றது. 1970களில் பெல் ஆய்வகத்தில் பிறந்த சி மொழி அந்த உலகத்தில் வளர்ந்தது. அதன் பிரிண்ட்எஃப் இன்றும் அகலத்தைப் பைட்டில்தான் அளக்கிறது. ஆங்கிலத்துக்கு எழுத்து, பைட், கட்டம் மூன்றும் ஒன்றே. கேள்வி எழவே இல்லை.

1991இல் யூனிகோடின் முதல் பதிப்பிலேயே தமிழுக்கு இடம் கிடைத்தது. அடுத்த ஆண்டு கென் தாம்சனும் ராப் பைக்கும் யூடிஎஃப்-8ஐ வடிவமைத்தார்கள். ஆஸ்கியில் எழுதியது எதுவும் அதில் மாறாது. பழைய நிரல்களும் உடையாமல் ஓடும். அந்தச் சாமர்த்தியத்தால்தான் யூடிஎஃப்-8 உலகெங்கும் பரவியது. கூடவே 'ஒரு பைட், ஓர் எழுத்து' என்ற பழைய நம்பிக்கையும் யார் கண்ணிலும் படாமல் பிழைத்துக்கொண்டது.

மாற்றத்தை அனுப்பியவரிடம் சொன்னேன். நல்ல மனிதர், உடனே திருத்தினார். இப்போது நிரல் யூனிகோட் எண்களை எண்ணியது. மறுபடி தட்டினேன். 'தமிழ்ச்செல' என்று வந்தது. கேள்விக்குறி போய்விட்டது, ஆனால் லகரத்தின் புள்ளியையும் காணோம்! முதல் பிழையாவது தன்னைக் காட்டிக்கொடுத்தது. இது சரி மாதிரியே இருக்கிறது. தமிழ் படிக்கத் தெரியாதவர் கண்ணில் படவே படாது.

மூன்றாவது முறை முழு எழுத்துகளாக எண்ணச் சொன்னேன். கூடவே 'தமிழ்ச்செல்வி'யைச் சோதனைப் பட்டியலில் ஒரு வரியாகச் சேர்க்கவும் கேட்டேன். இனி யார் அந்த நிரலில் கைவைத்தாலும் அவளைத் தாண்டித்தான் போக வேண்டும்.