அடக்கம்

புதுச்சேரி கத்தோலிக்கர் வீட்டில் சாவு விழுந்தால் வருவோர் கேட்கும் முதல் கேள்வி, “அடக்கம் எத்தனை மணிக்கு?”

அடங்கு என்னும் வினையிலிருந்து பிறந்த பெயர் இது. மயங்கு மயக்கமானதும் இறங்கு இறக்கமானதும் போல அடங்கு அடக்கமாயிற்று. உள்ளே கொள்ளுதலே அடிப்பொருள். நூலுக்குள் இருப்பதைக் காட்டுவது பொருளடக்கம். மனம் தன்னுள் நிற்பது பணிவாகிய அடக்கம். குறளின் 13ஆம் அதிகாரம் அடக்கமுடைமை. உடலை மண் தன்னுள் கொள்வதும் அடக்கமே. புதைத்தல் என்பது செயலை மட்டும் சொல்லும். அடக்கம் மரியாதையையும் சேர்த்துச் சொல்லும். இஸ்லாமியரும் நல்லடக்கம் என்பர்.

கத்தோலிக்கர் வழக்கில் சொல் இன்னும் விரிகிறது. வீட்டில் செபமாலை, ஜென்மராக்கினி மாதா கோவிலிலோ தம் பங்குக் கோவிலிலோ திருப்பலி, உப்பளம் போன்ற கல்லறைத் தோட்டத்தில் குழியை ஆசீர்வதிக்கும் குழி மந்திரிப்பு ஆகிய மூன்றும் சேர்ந்ததே அடக்கம். ஆகவே நேரம் குறிக்கும்முன் பங்குத்தந்தையைக் கேட்க வேண்டும். பெரியவர்கள் அடக்கப் பூசை என்பதை இளையவர்கள் அடக்கத் திருப்பலி என்கிறார்கள்.

எரியூட்டலுக்குத் திருச்சபை 1963இல் இசைவு தந்தது. ஆனால் சாம்பலைத் தூவவோ வீட்டில் வைக்கவோ கூடாது, கல்லறை போன்ற புனித இடத்தில் வைக்க வேண்டும் என்று 2016இல் வத்திக்கான் அறிவுறுத்தியது. எரித்தாலும் முடிவில் அடக்கம் உண்டு.