பெருங்காத்து அடிச்ச ராத்திரி ஞாபகம் இருக்கா?

எங்க ஆச்சிக்கு ரெண்டு வயசு. அதாவது ரேஷன் கார்டுல 55, வாக்காளர் அட்டையில 62. நான் ரெண்டாங்கிளாஸ் படிச்சப்ப, முதியோர் உதவித்தொகைக்கு மனு கொடுக்க அவங்க கையைப் பிடிச்சுக்கிட்டு ஓர் அலுவலகத்துக்குப் போனேன். "இதுல எது பாட்டி சரியான வயசு?"ன்னு கேட்டாங்க. "காந்தி செத்த அன்னைக்கு எனக்கு முன்பல்லு ரெண்டும் விழுந்திருந்துச்சுய்யா"ன்னாங்க ஆச்சி. சுத்தி இருந்தவங்க சிரிச்சாங்க. மனு திரும்பி வந்துடுச்சு.

போன மாசம் ஆபீசில் ஒரு விண்ணப்பப் படிவத்துக்கு நிரல் எழுதும்போது, பிறந்த தேதி கட்டத்துக்குப் பக்கத்தில் வழக்கம்போல சிவப்பு நட்சத்திரம் போட்டேன். கட்டாயம் நிரப்பணும்! அப்பதான் ஆச்சி ஞாபகம் வந்துச்சு. அன்னைக்கு ராத்திரி தேட ஆரம்பிச்சு போய் நின்ன இடம் அயர்லாந்து. வருஷம் 1908. கொஞ்சம் பழைய கதைதான், பொறுத்துக்கோங்க மக்கா :)

அப்போ அயர்லாந்து முழுசும் பிரிட்டிஷ் ஆட்சியில். 1908 ஆகஸ்ட் 1 அன்று முதியோர் ஓய்வூதியச் சட்டம் நிறைவேறியது. ஆஸ்க்வித் பிரதமர், லாயிட் ஜார்ஜ் நிதியமைச்சர். 70 வயது ஆகியிருக்கணும். வருட வருமானம் 21 பவுனுக்குள் இருந்தால் வாரம் 5 ஷில்லிங். வருமானம் கூடக் கூட 4, 3, 2, 1 என்று குறைந்துகொண்டே வந்து, 31 பவுன் 10 ஷில்லிங்கைத் தாண்டினால் ஒன்றும் கிடையாது. சந்தா கட்டியிருக்க வேண்டாம், அரசாங்கமே தன் கஜானாவில் இருந்து கொடுக்கும்.

ஆனா நிபந்தனைகளும் இருந்துச்சு. ஜெயிலுக்குப் போயிருந்தால் வெளியே வந்து பத்து வருஷம் வரைக்கும் கிடையாது. சமீபத்தில் ஏழைகளுக்கான நிவாரணம் வாங்கியவர்களுக்கு 1910 கடைசி வரை கிடையாது. உடம்பில் தெம்பிருந்தும் வேலைக்குப் போகாமல் சோம்பித் திரிந்தவருக்கும் கிடையாது. 'நல்ல' ஏழைக்கு மட்டும்தான்!

சட்டம் போட்டாச்சு, யார் கொடுக்கிறது? சில மாதங்களில் நாடு முழுக்க புதுத் துறை ஒன்றை உருவாக்க முடியுமா? அதனால் ஏற்கெனவே இருந்ததை எடுத்து ஒட்டவைத்தார்கள் (நம்ம ஆபீசில் பழைய நிரலை வெட்டி ஒட்டுகிற மாதிரியே). விண்ணப்பம் கிடைப்பது தபால் ஆபீசில். வீடு தேடி வந்து வயசையும் வருமானத்தையும் விசாரிப்பது கலால் அதிகாரி. அதுவரைக்கும் விஸ்கி ஆலைகளில் சரக்கை அளந்து வரி போட்டுக்கொண்டிருந்த ஆள், இப்போது கிழவியின் கோழிகளை எண்ண வேண்டியதாயிற்று. அவர் அறிக்கையைப் பார்த்து முடிவெடுப்பது உள்ளூர்க் குழு. தகராறு வந்தால் மேல்முறையீடு. தேறினால் கையில் ஒரு புத்தகம். வெள்ளிக்கிழமைதோறும் அதிலிருந்து ஒரு தாளைக் கொடுத்து தபால் ஆபீசில் காசு வாங்கிக்கலாம். முதல் பட்டுவாடா 1909 ஜனவரி 1, அதுவும் வெள்ளிக்கிழமைதான்.

தபால் ஆபீசைத் தேர்ந்தெடுத்ததுதான் இதில் பெரிய விஷயம்னு எனக்குத் தோணுது. அதுவரை வயசான ஏழைக்கு இருந்த கடைசி வழி, வொர்க்ஹவுஸ் எனப்படும் ஏழைவிடுதி. அங்கே போவதைவிடச் சாவதே மேல் என்று நினைத்தவர்கள் உண்டு. தபால் ஆபீசுக்கோ எல்லாரும்தான் போகிறார்கள், அங்கே வரிசையில் நிற்பதில் என்ன அவமானம்?

சரி, வயசு விஷயத்துக்கு வருவோம். அயர்லாந்தில் பிறப்புப் பதிவு பொதுவாகத் தொடங்கியதே 1864இல்தான். 1909இல் எழுபது வயசுன்னா 1838 வாக்கில் பிறந்திருக்கணும். அவங்க கையில் என்ன சான்றிதழ் இருக்கும்? சர்ச் பதிவேடு சில ஊர்களில் இருந்தது, பல ஊர்களில் இல்லை. அதனால் ஒரு கேள்வி பிரபலமாச்சு: "பெருங்காத்து அடிச்ச ராத்திரி ஞாபகம் இருக்கா?"

1839 ஜனவரி 6 ராத்திரி அயர்லாந்தைப் புரட்டிப்போட்ட புயல் அது. கூரைகள் பறந்தன, மரங்கள் சாய்ந்தன. அதை நினைவு வைத்திருப்பவருக்கு எழுபது தாண்டியிருக்கும் என்பது கணக்கு. நம்ம ஊரில் தனுஷ்கோடிப் புயலை வைத்து வயசு சொல்வதில்லையா, அதேதான்.

இதில் ஒரு ஓட்டை இருக்கு, கவனிச்சீங்களா? முதல் பட்டுவாடா அன்று சரியாக எழுபது முடித்தவர் பிறந்தது 1839 ஜனவரி 1. புயல் அடிச்சப்ப அவர் அஞ்சு நாள் பச்சைக்குழந்தை! உண்மையிலேயே ஞாபகம் இருக்கணும்னா எழுபத்து மூணாவது ஆகியிருக்கணும். ஆக, உண்மை பேசிய எழுபது வயசுக்காரர் "ஞாபகம் இல்லீங்க" என்றுதான் சொல்லியிருக்க முடியும். பொய் சொன்னவருக்கு அன்னைக்குச் சாப்பிட்ட உருளைக்கிழங்குகூட ஞாபகம் இருந்திருக்கும் :)

பொய்யும் நிறையவே நடந்தது. ஐக்கிய ராஜ்ஜியத்தின் மக்கள்தொகையில் அயர்லாந்து ஏறக்குறைய பத்தில் ஒரு பங்கு. ஆனால் ஓய்வூதியம் வாங்கியவர்களில் நாலில் ஒரு பங்குக்கு மேல் அங்கேதான். பஞ்சத்துக்குப் பிறகு இளவட்டங்கள் அமெரிக்காவுக்குக் கப்பலேறிவிட்டதும், வறுமையும் ஒரு காரணம். மிச்சம் ஆச்சிகளின் கைங்கர்யம். 1901, 1911 ஐரிஷ் மக்கள்தொகைக் கணக்குத் தாள்கள் இணையத்தில் இலவசமாகவே கிடைக்கின்றன. பத்து வருஷ இடைவெளியில் பதினைந்து வயசு கூடியவர்களை அதில் பார்க்கலாம்.

அதிகாரிகளும் விடவில்லை. 1841, 1851 கணக்கெடுப்பு ஏடுகள் டப்ளின் ஆவணக் காப்பகத்தில் இருந்தன. மனுதாரர் அப்பா அம்மா பேரும் ஊர்ப் பேரும் எழுதிக் கொடுத்தால், குமாஸ்தாக்கள் ஏட்டைப் புரட்டி, அந்தக் குழந்தையின் அன்றைய வயசைக் குறித்து அனுப்பினார்கள்.

1922 ஜூன் 30 அன்று, உள்நாட்டுப் போரில் அந்தக் காப்பகம் தீயில் அழிந்தது. 1841, 1851 ஏடுகளும் மிகப் பெரும்பாலும் சாம்பல். தப்பியவற்றில் முக்கியமானது, இந்த ஓய்வூதியத் தேடல் சீட்டுகள்! இன்றைக்குத் தன் பூர்வீகத்தைத் தேடும் பல ஐரிஷ் குடும்பங்களுக்கு, அந்த வருடங்களில் முன்னோர் வாழ்ந்ததற்கு மிஞ்சியிருக்கும் ஒரே தடயம், ஒரு கிழவி அஞ்சு ஷில்லிங் கேட்டு எழுதிய மனுதான்.

ஆச்சிக்கு அப்புறம் டாக்டர் சான்றிதழ் வாங்கி, ரெண்டு வருஷம் கழிச்சு உதவித்தொகை வந்தது. பின்னாளில் ஆதார் எடுத்தப்ப பிறந்த தேதி ஜனவரி 1 என்று போட்டார்கள். தெரியாதவர்கள் பலருக்கும் அந்தத் தேதிதான். காந்தி இறந்தது 1948 ஜனவரியில். முன்பல் விழுவது ஆறு, ஏழு வயசில். கணக்குப் போட்டுப் பாருங்க, அன்னைக்கு ஆச்சிக்கு 62தான். அவங்க சரியாத்தான் சொன்னாங்க, கணக்குப் போடத்தான் ஆள் இல்லை.

டிஸ்கி: அந்தப் படிவத்தில் 'சரியான தேதி தெரியாது' என்று ஒரு கட்டம் சேர்த்துட்டேன். மேலாளர் ஏன்னு கேட்டார். இந்தப் பதிவைத்தான் படிக்கக் கொடுக்கணும்!