பெண்களுக்கும் பிள்ளைகளுக்குமாக ஒரு பாதை

வீட்டிலே புழுங்கியவர் முற்றத்துக்கு வருவது போல, நகரத்தார் மாலையானதும் நீர்க்கரைக்கு வருகின்றனர். சென்னையாருக்கு மெரினா எவ்வாறோ, கொழும்பாருக்குக் காலிமுகத்திடல் அவ்வாறு. வெள்ளவத்தையில் நூறாம் இலக்க பஸ்ஸில் ஏறினால், கொள்ளுப்பிட்டி கடந்ததும் இடப்புறம் கடல் விரியும். அந்தக் கடலோர நடைபாதைக்கே நேயர்களை இன்று அழைத்துச் செல்ல விரும்புகிறேன்.

'காலி' என்றால் வெறுமை என்று பொருளா என மாணவர்கள் கேட்பதுண்டு. இல்லை, காலி நகரை நோக்கிய கோட்டை முகப்பு என்பதே அப்பெயரின் பொருள் என்பர். எனினும் அந்த வெறுமைக்கும் ஒரு வரலாறு உண்டு. கோட்டைக்குள் இருந்த ஒல்லாந்தர், தெற்கிலிருந்து வரும் பகைவரைப் பீரங்கியால் சுடுவதற்கு வசதியாக இந்நிலத்தை வெளியாக வைத்திருந்தனர். குண்டு தடையின்றிப் பாய வேண்டும் என்பதற்காக ஏற்பட்ட வெளியே பின்னர் மனிதர் தடையின்றி நடக்கும் வெளியாயிற்று.

அவ்வாறு ஆக்கியவர் ஆங்கிலேயத் தேசாதிபதி சேர் ஹென்றி வார்ட். கடலோர நடைபாதை வேலையை அவர் 1856இல் தொடக்கினார். 1859இல் அது நிறைவுற்றது. சென்னையில் மெரினா நடைபாதை அமைவதற்குக் கால் நூற்றாண்டுக்கு முந்திய செய்தி இது. பாதையோரத்தில் ஒரு நினைவுக்கல் நாட்டப்பட்டது. கொழும்பிலுள்ள பெண்களினதும் பிள்ளைகளினதும் நலன் கருதி, தமக்குப் பின் வரும் தேசாதிபதிகள் இப்பாதையைப் பேண வேண்டும் என்பது அக்கல்லின் ஆங்கில வாசகம் தரும் கருத்து. 1860இல் சென்னைக்குத் தேசாதிபதியாகச் சென்ற வார்ட், சில வாரங்களுக்குள் வாந்திபேதி கண்டு அங்கேயே இறந்தார். அவர் கருதிய பெண்களும் பிள்ளைகளும் பெரும்பாலும் வெள்ளையராகவே இருந்திருப்பர். ஆயினும் கல்லில் நிறம் குறிக்கப்படவில்லை. ஆகவே அந்த வாசகத்தை நாம் எல்லோருக்கும் உரியதாகப் படிக்கலாம்.

ஆனால் எல்லோரும் அங்கு அச்சமின்றி நடந்தார்களா? திடலின் வடக்கு முனையில், 1930இல் திறக்கப்பட்ட தூண்கள் நிறைந்த கட்டடம் இருக்கிறது. 1982 வரை சட்டமன்றமாகவும் பாராளுமன்றமாகவும் விளங்கிய கட்டடம் அதுவே. சிங்களம் மட்டுமே அரசகரும மொழி என்னும் சட்டமூலம் 1956 ஜூன் 5ஆம் திகதி அங்கு வந்தது. அன்று தந்தை செல்வா தலைமையில் தமிழரசுக் கட்சியினர் திடலிலே அமைதியாக அமர்ந்து சத்தியாக்கிரகம் செய்தனர். காடையர் அவர்களைத் தாக்கினர். இளம் உறுப்பினரான அமிர்தலிங்கம் காயமுற்ற தலையில் கட்டுடன் சபைக்குச் சென்றார்.

இவற்றை நான் முதலில் அறிந்தது நூல்களிலிருந்து அல்ல. 1998இல் படிப்புக்காகக் கொழும்பு வந்த என்னை, கொட்டாஞ்சேனையில் இருந்த பெரியப்பா ஒரு மாலை அங்கு கூட்டிச் சென்றார். ஓய்வுபெற்ற எழுதுவினைஞர் அவர். அடையாள அட்டை சட்டைப் பையில் இருக்கிறதா என்று இருமுறை கேட்டுவிட்டே புறப்பட்டார். புல்வெளியைக் குடையால் சுட்டிக்காட்டி, "இதிலைதான் தம்பி, அவை இருந்தவை. நான் அண்டைக்குக் கந்தோரை விட்டு வெளியாலை வரேல்லை" என்றார். நான் ஏதோ கேட்க வாயெடுத்தேன். "மெல்லக் கதை. இங்கை சத்தமாத் தமிழ் கதையாதை" என்றார். நாற்பத்திரண்டு ஆண்டுகளின் பின்னும் அவர் குரல் தாழ்ந்தே இருந்தது.

'மட்டும்' என்ற ஒரு சொல் செய்த வேலை அது. 1987இல் அரசியலமைப்பின் 13ஆவது திருத்தம் தமிழும் அரசகரும மொழியாகும் என்றது. இலக்கணத்தில் நாம் எச்சவும்மை என்று படிப்பிக்கும் அந்த 'உம்' சட்டப் புத்தகத்தில் ஏறுவதற்கு 31 ஆண்டுகள் சென்றன. அது மக்கள் வாழ்வில் ஏறுவதற்கு இன்னும் அதிக காலம் தேவைப்படுகிறது.

அதற்கான ஓர் அடையாளத்தையும் இத்திடலே தந்தது. 2022 ஏப்ரல் 9ஆம் திகதி பொருளாதார நெருக்கடியால் வெகுண்ட மக்கள் இங்கு கூடாரமடித்தனர். மே 9இல் அவர்களும் தாக்கப்பட்டனர். ஜூலை 22 அதிகாலையில் படையினரால் அகற்றப்பட்டனர். இவ்விரு நாள்களுக்கும் இடையில் வந்தது மே 18. அன்று முள்ளிவாய்க்காலில் இறந்தோர் இத்திடலிலே நினைவுகூரப்பட்டனர். சிங்கள இளைஞர்களும் கூடி நிற்கக் கஞ்சி பகிரப்பட்டது. ஒரு நாள் கஞ்சி நெடுங்காலப் புண்ணை ஆற்றிவிடாது. ஆயினும் 1956இல் அடி விழுந்த மண்ணில் அது பகிரப்பட்டதை வரலாறு குறித்துக்கொள்ள வேண்டும்.

இன்று பாதையின் வடக்கே 269 ஹெக்டேயர் கடல் துறைமுக நகரமாகிவிட்டது. பெரியப்பாவும் இல்லை. ஆனால் இறால் வடை வாசமும் உப்புக்காற்றும் மாறவில்லை. சென்ற மாதம் அங்கு நடந்துகொண்டிருந்தபோது, "அப்பா, பட்டம் ஏறீட்டுது!" என்று ஒரு சிறுமி உரக்கக் கத்தினாள். ஒருவரும் திரும்பிப் பார்க்கவில்லை. அவள் தகப்பனும் அவளை அடக்கவில்லை. வார்ட் வேண்டியபடி இப்பாதையைப் பேணுவதென்றால், கல்லையும் சுவரையும் பழுதுபார்ப்பது மட்டும் போதாது. அந்தக் குரல் தாழாமல் பார்த்துக்கொள்வதும் அதில் அடங்கும் என்றே எண்ணுகிறேன்.