ஓட்டு இல்லாதவர்கள் மாற்றிய சட்டம்

சித்தேரி மலைக் கிராமங்களிலிருந்து திருப்பூருக்கும் கேரளாவுக்கும் வேலைக்குப் போகும் இளைஞர்களை 'பிழைக்கப் போனவர்கள்' என்றுதான் சொல்வார்கள். போன இடத்தை வளர்த்தவர்கள், அங்குள்ள சட்டத்தையே மாற்றியவர்கள் என்று யாரும் சொல்வதில்லை. ஆனால் நூறு ஆண்டுகளுக்கு முன் ஆப்பிரிக்காவில் அது நடந்தது. நடத்தியதில் தமிழர்களுக்குப் பெரும் பங்கு உண்டு!

1860 நவம்பர் 16 அன்று சென்னையிலிருந்து சென்ற 'ட்ரூரோ' கப்பல் டர்பன் துறைமுகத்தை அடைந்தது. அப்போதிருந்து 1911 வரை 1,52,184 பேர் ஒப்பந்தக் கூலிகளாக நேட்டாலுக்குப் போனார்கள். சுமார் மூன்றில் இரண்டு பங்கினர் சென்னை வழியாகப் போனவர்கள். வட ஆற்காடு, சேலம் மாவட்டத்துக்காரர்களும் இதில் உண்டு. (தர்மபுரி அன்று சேலத்தோடுதான் இருந்தது.) பெரும்பாலோர் இளம் வயதினர். நேட்டாலின் கரும்புத் தோட்டங்களும் நிலக்கரிச் சுரங்கங்களும் இவர்கள் உழைப்பில் வளர்ந்தவை.

அதற்குக் கிடைத்த பரிசு என்ன? ஒப்பந்தம் முடிந்தும் அங்கேயே தங்கினால் ஆண்டுக்கு 3 பவுண்டு வரி என்று 1895-ல் சட்டம் வந்தது. ஒப்பந்தக் கூலி முதல் ஆண்டில் மாதம் 10 ஷில்லிங். ஒரு பவுண்டுக்கு 20 ஷில்லிங். கணக்குப் போட்டுப் பாருங்கள், ஆறு மாதச் சம்பளம் வரிக்கே சரியாகிவிடும்! 1903-ல் 16 வயதுப் பையன்களையும் 13 வயதுப் பெண்களையும்கூட இந்த வரி விட்டுவைக்கவில்லை. இந்தியர்கள் புதிதாக வாக்காளர் ஆவதையும் 1896-லேயே தடுத்துவிட்டார்கள்.

ஓட்டு இல்லாதவர்கள் சட்டத்தை எப்படி மாற்றுவது? அவர்களிடம் இருந்தது உழைப்பு மட்டுமே. அதையே நிறுத்தினார்கள்.

1913 அக்டோபரில் ட்ரான்ஸ்வால் தமிழ்ப் பெண்கள் நியூகாசில் சுரங்கங்களுக்குப் போய்த் தொழிலாளர்களிடம் பேசினார்கள். வேலைநிறுத்தம் வெடித்தது, கரும்புத் தோட்டங்களுக்கும் பரவியது. ஜோகன்னஸ்பர்க்கில் பிறந்த தில்லையாடி வள்ளியம்மை சிறைக்குப் போனார். காய்ச்சலோடு வெளியே வந்தவர் 1914 பிப்ரவரி 22 அன்று இறந்தார். வயது 16.

அதே ஆண்டு இந்தியர் நிவாரணச் சட்டம் வந்தது. 3 பவுண்டு வரி ஒழிந்தது. இந்தியத் திருமணங்களுக்கும் அங்கீகாரம் கிடைத்தது. ஆனால் ஓட்டு கிடைக்கவில்லை. நிறபேதம் இல்லாத வாக்குரிமைக்கு 1994 வரை காத்திருக்க வேண்டியிருந்தது.

2006-ல் ஆப்பிரிக்க ஒன்றியம் ஏற்ற இளைஞர் சாசனம், முடிவெடுக்கும் இடங்களில் இளைஞர்களுக்குப் பங்கு வேண்டும் என்கிறது. புலம்பெயர்ந்த இளைஞர்களையும் அது மறக்கவில்லை. வள்ளியம்மை காலத்தில் இப்படி ஒரு காகிதம்கூட இல்லை. ஓர் ஊரை உழைத்து வளர்ப்பவர்களிடம் அந்த ஊரின் சட்டத்தைப் பற்றியும் கேட்க வேண்டும். கேட்காவிட்டால் என்ன ஆகும் என்பதற்கு 1913 சாட்சி.