விஸ்வநத்தம்: மருத்துவக் காப்பீடும் குடும்பத் தேவைகளும்

விருதுநகர் மாவட்டத்தில் சிவகாசியை ஒட்டிய ஊர் விஸ்வநத்தம். பட்டாசு, தீப்பெட்டி, அச்சு வேலைகளை நம்பிய இந்த வட்டாரத்துக்கு அரசு மருத்துவக் காப்பீடு இரண்டு வழிகளில் வருகிறது. ஒன்று தொழிலாளர் அரசு காப்பீடு (இ.எஸ்.ஐ.), மற்றொன்று முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டம். முன்னது சிகிச்சையோடு வீட்டுச் செலவையும் ஓரளவு தாங்கும். பின்னது ஆஸ்பத்திரிக் கட்டணத்தோடு நின்றுவிடும்.

இ.எஸ்.ஐ.யின் வேர் 1948ஆம் ஆண்டுச் சட்டம். மாதம் 21,000 ரூபாய் வரை சம்பளம் வாங்குவோர் இதில் சேர்வர். 2019 முதல் சம்பளத்தில் 3.25 விழுக்காட்டை முதலாளியும் 0.75 விழுக்காட்டைத் தொழிலாளியும் கட்டுகிறார்கள். நோயில் படுத்தால் ஆண்டுக்கு 91 நாள் வரை 70 விழுக்காடு சம்பளம் கிடைக்கும். வேலையில் காயம்பட்டால் 90 விழுக்காடு. அந்தக் காயத்தால் இறந்தால் மனைவி, பிள்ளைகளுக்கு மாத உதவித்தொகை. வேலைக்குச் சேர்ந்த முதல் நாளே விபத்து நேர்ந்தாலும் இந்த உரிமை உண்டு. நோய்க்கால உதவிக்கு மட்டும் ஆறு மாதத்தில் குறைந்தது 78 நாள் சந்தா வேண்டும். பட்டாசுத் தொழிலில் இந்தக் கணக்கு எளிதில் இடறும். பேரியம் கலந்த பட்டாசுக்கு உச்ச நீதிமன்றம் 2018 அக்டோபரில் தடை விதித்தபின் ஆலைகள் மாதக்கணக்கில் பூட்டிக் கிடந்தன.

ஆலைப் பதிவேட்டில் பெயர் ஏறாதவர்களுக்கு இதில் எதுவும் எளிதில் கிடைப்பதில்லை. வீட்டில் துண்டுக்கூலிக்குக் குழாய் சுற்றும் பெண்களும், குத்தகைக்கு விட்ட அறைகளில் வெடிமருந்து கலப்பவர்களும் அப்படிப்பட்டவர்கள். 2012 செப்டம்பர் 5 அன்று முதலிப்பட்டி பட்டாசு ஆலை விபத்தில் இறந்தவர்களுள் பலர் அங்கே வேலை பார்த்தவர்களே அல்லர். உதவிக்கும் வேடிக்கைக்கும் ஓடிய அக்கம்பக்கத்தார். இ.எஸ்.ஐ. அவர்களுக்குரியதன்று.

இவர்களுக்கு எஞ்சுவது முதலமைச்சர் காப்பீடு. 2009 ஜூலையில் கலைஞர் காப்பீட்டுத் திட்டமாகத் தொடங்கி, 2012இல் இன்றைய பெயர் பெற்றது. ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்கு உட்பட்ட குடும்பத்துக்கு ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய் வரை சிகிச்சை. ஆனால் தீக்காயத்தோடு மாதக்கணக்கில் வீட்டில் கிடப்பவரின் கூலிக்கோ வாடகைக்கோ இதில் வழியில்லை.

உள்ளாட்சியின் பங்கு கண்ணுக்கு அதிகம் தெரியாதது. முதலமைச்சர் காப்பீட்டு அட்டைக்கு வேண்டிய வருமானச் சான்றுக்குக் கிராம நிர்வாக அலுவலரைத்தான் தேடிப் போக வேண்டும். அவர் வருவாய்த் துறை ஊழியர், ஊராட்சிக்குக் கட்டுப்பட்டவர் அல்லர். வாரிசுச் சான்று வட்டாட்சியரிடம். ஊராட்சியால் முடிவது, காப்பீட்டு முகாமுக்கு இடம் கொடுப்பதும், விட்டுப்போனவர்களை அடையாளம் காட்டுவதும்தான். இதை அற்பம் என்று தள்ளிவிட முடியாது: எந்த வீட்டில் யார் படுத்திருக்கிறார் என்பது ஆலை நிர்வாகத்தைவிட ஊராருக்கே தெரியும். 2021 ஆகஸ்டில் தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ என்ற அரசுத் திட்டம் மகளிர் சுயஉதவிக் குழுப் பெண்களை வீடு வீடாக அனுப்புவதும் இந்த அறிவை நம்பித்தான்.

சிகிச்சையோடு வீட்டுத் தேவையையும் ஒரே காப்பீடு தாங்கும் இடங்களும் உண்டு. கலிபோர்னியாவில் 2022 முதல் ஏழைகளுக்கான அரசுக் காப்பீடே சிலருக்கு வீட்டு முன்பணத்துக்கும் சத்துணவுக்கும் பணம் தருகிறது. இங்கே அந்தத் தேவைகள் வெவ்வேறு துறைகளில் சிதறிக் கிடக்கின்றன.

2025 நவம்பர் 21 அன்று நடைமுறைக்கு வந்த சமூகப் பாதுகாப்புச் சட்டத் தொகுப்பின்படி, மத்திய அரசு அறிவிக்கும் ஆபத்தான தொழில்களில் ஒரேயொருவர் வேலை பார்த்தாலும் இ.எஸ்.ஐ. பொருந்தும். அதற்கும் அந்த ஒருவரின் பெயர் பதிவேட்டில் ஏற வேண்டும்.