எழுதுகோலுக்கு ஒரு பாதுகாவலர்

தொழிலுக்கு ஒரு தெய்வத்தை முன்னிறுத்தும் வழக்கம் நம்மவர்க்குப் புதிதன்று. ஏட்டின் தலையில் பிள்ளையார் சுழி இடாமல் எழுதத் துணியாத தலைமுறைகள் பல. மும்பையிலும் தில்லியிலும் கொல்கத்தாவிலும் குடியேறிய தமிழ்க் குடும்பங்களும் சரஸ்வதி பூஜையன்று நூல்களை அடுக்கி வைத்து வணங்க மறப்பதில்லை. கத்தோலிக்கத் திருச்சபையில் இதையொத்த மரபொன்று உண்டு. மண்ணில் மனிதராக வாழ்ந்து புனிதரென ஏற்கப்பெற்ற ஒருவரை, ஓர் ஊரோ ஒரு தொழிலோ தனக்குப் பாதுகாவலராகக் கொள்ளும். அவர் தமக்காக இறைவனிடம் பரிந்து பேசுவார் என்பது நம்பிக்கை. அவர் வாழ்வு தமக்கு வழிகாட்டும் என்பது எதிர்பார்ப்பு. இன்று இணையத்தில் எழுதுவோர்க்கு அத்தகைய பாதுகாவலர் யார் என்னும் வினா எழுந்துள்ளது. அதன் வரலாற்றை நாம் சற்று நோக்குவோம்.

பாதுகாவலரைத் தேர்வதற்கு முறையுண்டு. 1630-ஆம் ஆண்டில், எட்டாம் உர்பன் போப்பாண்டவராக இருந்த காலத்தில், உரோமாபுரி இதற்கு விதி வகுத்தது. ஊரின் பாதுகாவலரை ஊர் மக்களே தேர்ந்தெடுக்க வேண்டும்; மேற்றிராணியாரும் குருமாரும் இசைய வேண்டும்; பின்னர் உரோமாபுரி அதனை உறுதி செய்ய வேண்டும். புனிதர் பட்டம் பெற்றவரையே தேரலாம். அதற்கு முந்திய படியில் நிற்பவரைத் தேரலாகாது. தொழில்களைப் பொறுத்தவரை, மக்கள் வழக்காலேயே பாதுகாவலராக நிலைபெற்றவரும் உண்டு. போப்பாண்டவரின் அறிவிப்பால் அமைந்தவரும் உண்டு.

புதிய கருவிகள் பிறந்தபோதெல்லாம் இவ்வழக்கம் அவற்றையும் தழுவிக்கொண்டது. 1951-இல் பன்னிரண்டாம் பயஸ், தந்தி, தொலைபேசி, வானொலி முதலிய தொலைச்செய்தித் துறைகளுக்குக் கபிரியேல் தூதரைப் பாதுகாவலராக அறிவித்தார். மரியாளுக்குச் செய்தி கொணர்ந்தவர் அவரன்றோ! 1958-இல் தொலைக்காட்சிக்கு அசிசி நகரப் புனித கிளாரா பாதுகாவலரானார். நோயுற்றுப் படுக்கையில் கிடந்த அவர், கிறிஸ்து பிறப்பு இரவில் தொலைவிலுள்ள கோவிலில் நிகழ்ந்த வழிபாட்டைத் தம் அறையிலிருந்தே கண்டும் கேட்டும் மகிழ்ந்தார் என்பது மரபுவழிச் செய்தி.

இணையத்துக்கென்று பலரும் சுட்டும் பெயர் செவில் நகரத்து இசிதோர். ஸ்பெயின் நாட்டில் மேற்றிராணியாராக விளங்கி 636-இல் மறைந்தவர். தம் காலத்து அறிவு முழுவதையும் திரட்டி, சொற்களின் பிறப்பை அடியாகக் கொண்டு ஒரு கலைக்களஞ்சியம் செய்தார். அது இருபது பகுதிகளாக நின்றது. எல்லாவற்றையும் ஓரிடத்தில் குவிக்கும் இணையத்துக்கு அவர் பொருத்தமே. எனினும் அக்களஞ்சியத்தில் மணியோடு பதரும் கலந்துள்ளது. நண்பனைக் குறிக்கும் இலத்தீன் சொல்லாகிய அமிக்குஸ் என்பதற்கு ஆன்மாவின் காவலன் என்று அவர் விரித்தது அழகிய கருத்து. ஆனால் சொல்லாராய்ச்சி அதனை ஏற்பதில்லை. குவிப்பது வேறு, புடைப்பது வேறு என்பதற்கு அவரது நூலே சான்று.

மற்றொரு பெயர் கார்லோ அக்குதிஸ். 1991-இல் பிறந்து, பதினைந்தாம் அகவையில் 2006-இல் மறைந்த இத்தாலியச் சிறுவர். நற்கருணை அற்புதங்களைத் தொகுத்துக் கணிப்பொறி வாயிலாக உலகறியச் செய்தார். 2025 செப்டம்பர் 7-ஆம் நாள் அவருக்குப் புனிதர் பட்டம் அளிக்கப்பெற்றது. கருவியைப் பயன்கொள்ளும் திறனுக்கு அவர் முன்மாதிரி.

எழுத்தின் நேர்மைக்கு உயிரையே விலையாகத் தந்தவர் டச்சுத் துறவி தைத்துஸ் பிராண்ட்ஸ்மா. நாசிகளின் விளம்பரங்களை வெளியிட வேண்டாமென்று கத்தோலிக்க இதழாசிரியர்களை நேரிற் கண்டு வற்புறுத்தியதற்காக 1942 ஜனவரியில் சிறைப்பட்டு, அவ்வாண்டு ஜூலையில் டாக்கௌ முகாமில் கொல்லப்பட்டார். 2022-இல் அவர் புனிதரானார்.

இவர்கள் யாவருக்கும் முன்பே எழுத்தாளர்க்கு உரியவராக அமைந்தவர் பிரான்சிஸ் சலேசியார். 1567-இல் சவாய் நாட்டில் பிறந்தார். 1594-இல், கால்வின் நெறியைத் தழுவியிருந்த ஷாப்லே வட்டாரத்துக்கு இளங்குருவாகச் சென்றார். அவர் சொற்பொழிவைக் கேட்க வருவோர் மிகச் சிலரே. மனம் தளராத அவர், சொல்ல விரும்பியதைச் சிறு தாள்களில் எழுதி வீடுகளின் கதவிடுக்கில் செருகச் செய்தார். எதிரில் நின்று கேட்க நாணியவர்களும் அஞ்சியவர்களும் தனியிருந்து படித்தனர். சில ஆண்டுகளில் அவ்வட்டாரத்தில் பெரும்பாலோர் பழைய நெறிக்குத் திரும்பினர். அம்மாற்றத்தில் சவாய்க் கோமகனின் ஆட்சி வலிமைக்கும் பங்குண்டு என்பதை வரலாறு மறைப்பதற்கில்லை. ஆயினும் அத்தாள்களில் சலேசியார் நாடியது வாசகரின் இசைவையே.

1602-இல் ஜெனீவாவின் மேற்றிராணியாரானார். அந்நகரம் கால்வின் நெறியினர் கையிலிருந்தமையால் ஆனெசி நகரிலேயே தங்கிப் பணியாற்றினார். உறவினர் ஒருவரின் மனைவிக்கு எழுதித் தந்த அறிவுரைகளை விரித்து, 1609-இல் பக்தி வாழ்வுக்கு முன்னுரையாக ஒரு நூல் வெளியிட்டார். துறவிகளுக்கென்றே எண்ணப்பட்ட பக்தியை வணிகரும் வீரரும் இல்லத்தரசியரும் தத்தம் நிலையிலேயே பேணலாம் என்றது அந்நூல். ஒருவருக்கென எழுதிய எழுத்து பலருக்கும் உரியதாயிற்று. 1622 டிசம்பர் 28-இல் லியோன் நகரில் மறைந்தார். முந்நூறு ஆண்டுகள் நிறைந்ததை ஒட்டி, 1923 ஜனவரி 26-இல் பதினோராம் பயஸ் வெளியிட்ட சுற்றுமடல் அவரைக் கத்தோலிக்க எழுத்தாளரின் பாதுகாவலராக்கியது. பொருளை ஆழ்ந்து கற்றல், உண்மையைக் குறைக்காமை, மாற்றாரைப் புண்படுத்தாத மொழி, தெளிந்த நடை ஆகியவற்றில் அவரைப் பின்பற்றுமாறு அம்மடல் எழுதுவோரை வேண்டியது.

பாதுகாவலரைத் தேர்வது நம் அச்சத்தைத் தேர்வதும் ஆகும். எந்தக் குறைக்கு அஞ்சுகிறோமோ, அதை வென்றவரையே நாடுகிறோம். அறிவு போதாதென்று அஞ்சினால் இசிதோர். கருவி வசப்படவில்லை எனில் அக்குதிஸ். துணிவு குன்றினால் பிராண்ட்ஸ்மா. ஆனால் முகம் பாராது எழுதும்போது நாவடக்கம் தளர்ந்து, எதிரில் நின்று சொல்லக் கூசும் சொல்லும் எளிதில் வந்துவிடுகிறதே! இந்தக் குறைக்கு மருந்து சலேசியாரிடமே உண்டு. அவரும் முகம் பாராதவர்க்கே எழுதினார். கதவுக்கு அப்பால் ஒரு மனிதர் இருக்கிறார் என்பதை மறவாமல் எழுதினார்.

சொந்த மண்ணை விட்டு அகன்று வாழும் நமக்கு இது மேலும் பொருந்தும். ஊராரோடும் உறவினரோடும் நம்மைப் பிணைப்பது பெரும்பாலும் எழுத்தே. எம்மதத்தவராயினும், எப்பெயரை முன்னிறுத்தித் தொடங்கினும், தாள் செருகப்படும் கதவின் மறுபுறத்தை நினைத்து எழுதுவோமாக.