கண்வலிக்கான நோய்க் குறியீடு

கண்ணில் வலி என்று வரும் நோயாளியின் மருத்துவப் பதிவில் இடப்படும், எழுத்தும் எண்ணும் சேர்ந்த அடையாளம். உலக சுகாதார நிறுவனத்தின் பன்னாட்டு நோய் வகைப்பாட்டுப் பத்தாம் திருத்தத்தில் இது எச் 57.1. தமிழ்நாட்டில் இதனோடு அன்றாடம் புழங்குவோர் இரு சாரார். கண் மருத்துவமனைகளின் பதிவுப் பிரிவினர் ஒரு சாரார். அமெரிக்க மருத்துவமனைகளின் சார்ட்டுகளைப் படித்துக் குறியிடும் மெடிக்கல் கோடர்கள் இன்னொரு சாரார். பொள்ளாச்சி, உடுமலை வட்டாரத்தில் உயிரியலோ நர்சிங்கோ படித்துவிட்டு வேலை தேடுவோர்க்குக் கோயம்புத்தூரில் திறந்திருக்கும் வாசல்களில் இந்தக் கோடிங் வேலையும் ஒன்று.

வரலாறு

நோய்களை எப்படி வரிசைப்படுத்துவது என்ற வழக்கு 1853இல் பிரசல்சில் கூடிய பன்னாட்டுப் புள்ளியியல் மாநாட்டில் எழுந்தது. இங்கிலாந்தின் வில்லியம் ஃபார், ஜெனீவாவின் மார்க் டெஸ்பின் ஆகிய இருவரிடமும் பட்டியல் கேட்கப்பட்டது. டெஸ்பின் நோயின் தன்மையை வைத்துப் பிரித்தார். ஃபார் கொள்ளைநோய், உடல் முழுதும் பரவும் நோய், உறுப்பு சார்ந்த நோய், வளர்ச்சிக் கோளாறு, காயம் என ஐந்தாக வகுத்தார். 1855இல் இரண்டையும் சமரசம் செய்து 139 தலைப்புகளில் ஒரு பட்டியல் வந்தது. எனினும் நிலைத்தது ஃபாரின் வழியே. கண்ணுக்கென்று ஓர் இயல் இன்று இருப்பதற்கு அவர் வகுத்த உறுப்பு சார்ந்த பிரிவே வேர். பாரிசின் ஜாக் பெர்தியோன் 1893இல் சிகாகோவில் அளித்த வகைப்பாடு மூன்று அளவுகளில், 44, 99, 161 தலைப்புகளோடு அமைந்தது. 1900இல் பாரிசில் கூடிய மாநாடு அதை 179 தொகுதிகளாக்கி ஏற்றது.

இவை எல்லாமே அடிப்படையில் இறப்புக் காரணப் பட்டியல்கள். கண்வலியால் யாரும் இறப்பதில்லை ஆதலால் அவற்றில் அதற்கு இடம் தேடுவது வீண். 1948இல் ஆறாம் திருத்தம் வந்து, உயிரோடிருப்பவரின் நோயையும் முழு அளவில் சேர்த்துக்கொண்டது. அப்போதும் கண் தனித்து நிற்கவில்லை. ஒன்பதாம் திருத்தம் வரை நரம்பு மண்டலம், புலன் உறுப்புகள் என்ற பொது இயலுக்குள் அது ஒண்டியிருந்தது. அத்திருத்தத்தின் அமெரிக்க வடிவத்தில் கண்வலியின் எண் 379.91. 1990இல் ஏற்கப்பட்ட பத்தாம் திருத்தம் ஏழாம் இயலைக் கண்ணுக்கே கொடுத்தது. காலந்தாழ்ந்து கிடைத்த உரிமை அது.

தமிழ் நிலத்தில் கண் நோயை எண்ணி வகுக்கும் வழக்கம் இதற்கெல்லாம் முந்தியது. சித்த மருத்துவ மரபு கண் நோய்களை 96 என்று கணக்கிடுகிறது. தஞ்சையை 1798 முதல் 1832 வரை ஆண்ட இரண்டாம் சரபோஜி தம்மிடம் வந்த கண் நோயாளிகளின் விவரங்களைக் கண்ணின் ஓவியங்களோடு எழுதிவைக்கச் செய்தார். சரசுவதி மகால் நூலகத்தில் உள்ள அந்த ஏடுகளை இன்றைய நோயாளர் பதிவேட்டின் முன்னோடியாகக் கொள்வதே தகும். சென்னையில் 1819இல் தொடங்கிய கண் மருத்துவமனையும் அதே காலத்ததுதான். சித்தம், ஆயுர்வேதம், யுனானி நோய்ப் பெயர்களைப் பதினோராம் திருத்தத்தின் மரபு மருத்துவ இயலில் சேர்க்கும் இரண்டாம் பகுதி 2024 ஜனவரி 10 அன்று புதுதில்லியில் வெளியானது.

குறியிடும் முறை

எச் 57.1 ஒரு நோயின் பெயர் அன்று; காரணம் தெரியும் வரை இடப்படும் அறிகுறிக் குறியீடு. தேங்காய்க் களத்தில் மட்டை உரிப்பவர் கண்ணில் நார்த்தூள் விழுந்து வலியோடு வருகிறார் என்று கொள்வோம். கருவிழியில் தூசி ஒட்டியிருந்தால் டி 15.0, இமையின் உட்புறம் இருந்தால் டி 15.1. தூசி போய்க் கீறல் மட்டும் எஞ்சினால் எஸ் 05.0. கவனியாமல் விட்டுக் கருவிழிப் புண்ணானால் எச் 16.0. இந்த நான்கில் எதை இட்டாலும் வலிக்கென்று தனியே குறியிடுவதில்லை. நோயோடு ஒட்டிப் பிறந்த அறிகுறி அதற்குள்ளேயே அடங்கிவிடும்.

விவசாய ஊர்களில் இந்த வேறுபாடு உயிர்நாடியானது. 1994இன் முதல் மூன்று மாதங்களில் மதுரை அரவிந்த் கண் மருத்துவமனைக்குக் கருவிழிப் புண்ணோடு வந்த 434 பேரை ஆராய்ந்தபோது, ஏறத்தாழ மூன்றில் இரு பங்கினர் முன்பே கண்ணில் அடிபட்டவர்கள். காளான் கிருமியும் பாக்டீரியாவுக்கு நிகராகக் காணப்பட்டது. காயத்தைப் பதியாமல் வலியை மட்டும் பதிந்தால் இத்தகைய உண்மை எந்தக் கணக்கிலும் ஏறாது.

மெட்ராஸ் ஐ தரும் உறுத்தலுக்கும் எச் 57.1 பொருந்தாது. அடினோ வைரஸால் வருவது என உறுதியானால் அது கண் இயலை விட்டே வெளியேறி, தொற்றுநோய் இயலில் பி 30.1 ஆகிறது. கண் அழுத்தம் திடீரென ஏறி, தலைவலியும் வாந்தியும் சேர்ந்து வந்தால் எச் 40.2. கண்ணைச் சோதித்துக் குறை ஏதும் காணாமல், ஒற்றைத் தலைவலியே காரணம் என்று தெரிந்தால் ஜி 43.

அமெரிக்க வடிவம் இன்னும் ஓர் இலக்கத்தைக் கேட்கிறது: வலக்கண் எச் 57.11, இடக்கண் எச் 57.12, இரு கண்ணும் எச் 57.13, எந்தக் கண் எனக் குறிக்கப்படாதது எச் 57.10. உலக சுகாதார நிறுவனத்தின் பத்தாம் திருத்த மூலத்தில் இந்தப் பிரிவு இல்லாதது பெருங்குறை. கண் மருத்துவத்தில் எந்தக் கண் என்பதே முதல் கேள்வி. அமெரிக்காவில் புறநோயாளியின் சார்ட்டில் மருத்துவர் 'இருக்கலாம்', 'சந்தேகம்' என்று மட்டும் எழுதியிருந்தால் அந்த நோய்க்குக் கோடர் எண் இடக்கூடாது, அறிகுறியைத்தான் இட வேண்டும். எச் 57.1 வரிசைக்கு வேலை வருவது பெரும்பாலும் அங்கேதான்.

இன்றைய நிலை

பதினோராம் திருத்தம் 2019 மே மாதம் ஏற்கப்பட்டு 2022 ஜனவரி 1 முதல் நடப்புக்கு வந்தது. அமெரிக்கா 2015 அக்டோபர் 1 முதல் பத்தாம் திருத்தத்தின் தன் வடிவத்தையே பின்பற்றுவதால், கோவைக் கோடர்களின் கையில் பழைய எண்களே புழங்குகின்றன.